போப் எந்தப் பக்கம்? எந்த மாசத்தைக் கேட்கிறீர்கள்?

ஜனவரி 6, ஒரு வாசகரின் கேள்வி

மறுமலர்ச்சிக் கால இத்தாலி பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். மிலன், வெனிஸ், புளோரன்ஸ், நேப்பிள்ஸ், போப் என்று ஐந்து பெரிய கைகள். ஐந்தும் வருஷத்துக்கு ஒரு தடவை பக்கம் மாறுகின்றன. எதிரிக்கு எதிரி நண்பன் என்பதைத் தாண்டி ஒரு கொள்கையும் கண்ணில் படவில்லை. துரோகத்தையே தொழிலாக வைத்திருந்தவர்கள் என்று முடிவு கட்டிவிடலாமா?

ஜனவரி 6, இரவு

அவசரப்படாதீர்கள். மாறினார்கள் என்பது சரி. வருஷத்துக்கு ஒரு தடவை, எல்லாரும் என்பது தப்பு. 1450 வாக்கில் கைகோத்த மிலனும் புளோரன்சும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஒட்டியே இருந்தன. எங்கள் ஊரில் அண்ணன் தம்பி சேர்ந்து போட்ட கம்பெனியே அவ்வளவு நாள் தாங்குவதில்லை.

ஆனால் அந்த உறவு பிறந்த விதத்தைப் பார்த்தால் உங்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. 1447 ஆகஸ்டில் மிலன் கோமகன் பிலிப்போ மரியா விஸ்கோன்டி ஆண் வாரிசு இல்லாமல் செத்தார். ஊர்க்காரர்கள் இனிக் கோமகனே வேண்டாம் என்று குடியரசு அறிவித்தார்கள். வெனிஸ் சும்மா இருக்குமா, படையோடு உள்ளே வந்தது. குடியரசு காசு கொடுத்து அமர்த்திய தளபதி பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸா. செத்தவரின் மருமகன். 1448 செப்டம்பர் 15 அன்று கரவாஜ்ஜோ என்ற இடத்தில் வெனிஸ் படையை நொறுக்கினார். அக்டோபர் 18 அன்று அதே வெனிஸோடு ஒப்பந்தம் போட்டு மிலன் பக்கம் திரும்பினார். இடையில் 33 நாள்.

அடுத்த வருஷம் வெனிஸுக்கு வேறு யோசனை வந்தது. இந்த ஆள் மிலனைப் பிடித்தால் பழைய விஸ்கோன்டியைவிடப் பெரிய தலைவலி ஆச்சே என்று குடியரசோடு சமாதானம் பேசிக்கொண்டது. ஸ்ஃபோர்ஸா அசரவில்லை. ஊரைச் சுற்றி வளைத்துப் பட்டினி போட்டார். 1450 பிப்ரவரியில் பசி தாங்காத கூட்டம் ஊருக்குள் இருந்த வெனிஸ் தூதரைக் கொன்றது. ஸ்ஃபோர்ஸாவின் வீரர்கள் ரொட்டி சுமந்துகொண்டு உள்ளே போனார்கள்.

இங்கேதான் கொசிமோ மெதிச்சி வருகிறார், வங்கிக்காரர், புளோரன்ஸை உண்மையில் நடத்தியவர். 1425 முதல் புளோரன்ஸ் வெனிஸின் கூட்டாளி, மிலனின் எதிரி. கொசிமோ அதைத் தலைகீழாகப் புரட்டி ஸ்ஃபோர்ஸாவுக்குப் பணம் கொடுத்தார். விஸ்கோன்டி உயிரோடு இருந்தவரை வடக்கில் பயப்படவேண்டிய கை மிலன். அவர் போனபிறகு அது வெனிஸ். கொசிமோ முன்னாடியும் பலசாலிக்கு எதிரே நின்றார், பின்னாடியும் பலசாலிக்கு எதிரேதான் நின்றார். 1451இல் வெனிஸும் நேப்பிள்ஸும் புளோரன்ஸ் வியாபாரிகளை ஊரைவிட்டே துரத்தின. அந்த நஷ்டத்தையும் தாங்கிக்கொண்டார். துரோகம் என்று எழுதுவதற்கு முன் இதை ஒரு தடவை கணக்கில் எடுங்கள்.

ஜனவரி 7

சமாதானம் ஆகவே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனது. 1453இல் கான்ஸ்டான்டிநோப்பிள் துருக்கியர் கைக்குப் போனதும் எல்லாருக்கும் வயிற்றில் புளி கரைந்தது. 1454 ஏப்ரல் 9 அன்று ஐந்து பேரும் லோடி ஊரில் கையெழுத்துப் போட்டார்கள். 25 வருஷ ஒப்பந்தம்.

ஜனவரி 8, காலை

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். தூக்கக் கலக்கத்தில் இரண்டு ஒப்பந்தங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன். லோடி என்பது முதன்மையாக மிலனுக்கும் வெனிஸுக்கும் நடந்தது. நடுவே ஓடியாடிப் பேசி முடித்தவர் சிமோனே தா கமெரினோ என்ற ஒரு துறவி. அத்தா ஆறு எல்லை, பெர்கமோவும் பிரெஷாவும் வெனிஸுக்கு. 25 வருஷக் கூட்டணி அதற்குப் பிறகு, 1454 ஆகஸ்ட் 30 அன்று வெனிஸ் நகரில், மிலன், வெனிஸ், புளோரன்ஸ் மூன்றும் சேர்ந்து போட்டது. நேப்பிள்ஸ் 1455 ஜனவரியில் வந்தது. போப் ஐந்தாம் நிக்கோலஸ் மார்ச்சில் அதை அறிவித்தார்.

நேப்பிள்ஸ் அரசர் தாமதமாக வந்தது தற்செயல் இல்லை. தன்னைக் கேட்காமல் பேசி முடித்துவிட்டார்கள் என்று அவருக்குக் கோபம். கல்யாணப் பத்திரிகை கடைசியில் வந்தது என்று முறைத்துக்கொள்ளும் பெரியப்பா மாதிரி.

ஜனவரி 12

கூலிப்படைக்காரர்களைப் பற்றி ஒருவர் கேட்டார். இது எனக்குப் பிடித்த பகுதி. காரணம் என் தொழில். திருப்பூரில் பின்னலாடை ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். துணியும் நமதில்லை, பிராண்டும் நமதில்லை. மெஷினும் ஆளும் மட்டும் நமது. எந்த எக்ஸ்போர்ட்டர் ஆர்டர் கொடுக்கிறாரோ அவருக்கு ஓட்டவேண்டும்.

இத்தாலியில் இந்த ஒப்பந்தத்துக்குக் கொண்டொட்டா என்று பெயர். அதை எடுத்தவர் கொண்டொட்டியேரே. எத்தனை குதிரைவீரர், மாசம் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு எல்லாம் எழுத்தில். காலம் இரண்டு துண்டு. முதலாவது உறுதியான காலம். இரண்டாவது, அமர்த்தியவர் விரும்பினால் நீட்டிக்கொள்ளும் காலம். அதை நீட்டவில்லை என்றால் தளபதி மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகலாம். அது துரோகம் ஆகாது. சீசன் முடிந்தது, அவ்வளவுதான்.

தளபதி முழுசாக ஜெயித்தால் அடுத்த சீசனுக்கு வேலை இல்லை. தோற்றால் பெயர் போச்சு. அதனால் பாதி ஜெயிக்கக் கற்றுக்கொண்டார்கள். அமர்த்திய அரசுகளுக்கும் இது தெரியும். ஆகவே அரசுக்குத் தளபதி மேல் எப்போதும் சந்தேகம். கார்மஞோலாவின் கதை இதுதான். மிலனுக்காக ஊர் ஊராகப் பிடித்துக் கொடுத்த தளபதி. கோமகன் முகம் கோணியதும் 1425இல் வெனிஸ் பக்கம் போனார். 1427இல் மக்லோதியோவில் மிலன் படையைத் தோற்கடித்தார். பிடிபட்ட வீரர்களைச் சும்மா விட்டுவிட்டார். பழைய முதலாளிக்கு மறைமுகமாக உதவிய துரோகி என்று வெனிஸ் கண்டுபிடித்து 1432இல் தலையை வெட்டியது.

எனக்கு நடந்த கதை ஒன்று. ஒரு எக்ஸ்போர்ட்டருக்கு மூன்று வருஷம் ஓட்டினேன். நான்காம் வருஷம் பாதி ஆர்டரில் வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார். கேட்டால், நான் அவருடைய போட்டியாளருக்கும் ஓட்டுவதாக யாரோ சொன்னார்களாம். ஓட்டினேன்தான். அவருக்குத் தெரிந்தேதான் ஓட்டினேன். பாக்கி வர இரண்டு வருஷம் ஆச்சு. என் தலை கழுத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஜனவரி 13

கார்மஞோலா விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். கைதிகளை விட்டதை வைத்துத் துரோகி என்று எழுதுவது சரியில்லை. ஆயுதத்தையும் குதிரையையும் பிடுங்கிக்கொண்டு சாதாரணச் சிப்பாயை அனுப்பிவிடுவது அந்தத் தொழிலில் வழக்கம். கைதிக்குச் சோறு யார் போடுவது? மக்லோதியோவுக்குப் பிறகும் வெனிஸ் அவரை வைத்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு வந்த வருஷங்களில் மெத்தனம், தோல்வி, பழைய எஜமானோடு ஓயாத கடிதப் போக்குவரத்து. அதுதான் கழுத்துக்கு வந்தது.

வெனிஸ் செய்த விதம் இன்னும் குளிர்ச்சியானது. அடுத்த படையெடுப்பைப் பற்றிப் பேசவேண்டும் என்று மரியாதையாக அழைத்தார்கள். மாளிகையில் உட்காரவைத்து, தோஜேவுக்கு (வெனிஸின் தலைவர்) இன்று உடம்பு சரியில்லை, நாளை பார்க்கலாம் என்றார்கள். வெளியே போகிற வழி என்று நினைத்து நடந்தவரைச் சிறைக்கு அழைத்துப் போனார்கள். 1432 மே 5 அன்று வாயில் துணி அடைத்து, கடலோரம் இருக்கும் இரண்டு தூண்களுக்கு நடுவே வெட்டினார்கள். வாயை அடைத்தது ஏன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜனவரி 19

அந்தத் தூண்களுக்கு நடுவே நான் நடந்திருக்கிறேன், தெரியாமல். ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்காக மிலன் போனபோது ஒரு நாள் மிச்சம் பிடித்து வெனிஸ் ரயில் ஏறினேன். பலகையில் வெனிஸ் என்று பார்த்ததும் இறங்கிவிட்டேன். அது மெஸ்த்ரே, நிலப்பகுதி ஸ்டேஷன். கால்வாயும் இல்லை, படகும் இல்லை, பஸ் ஸ்டாண்ட் மட்டும் இருந்தது. இதற்கா இவ்வளவு பேச்சு என்று அரை மணி நேரம் நின்றேன். அப்புறம் ஒருவர் அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டார்.

தூண்களுக்கு நடுவே நடந்தால் ஆகாது என்று வெனிஸ்காரர்கள் நம்புவது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. அந்த வருஷம்தான் மேலே சொன்ன ஆர்டர் போனது. சும்மா சொல்கிறேன்.

அன்றைக்குப் பார்த்ததில் மறக்காதது கொல்லியோனி சிலை. பார்த்தொலொமியோ கொல்லியோனி வெனிஸுக்கும் மிலனுக்கும் நடுவே பலமுறை தாவியவர். நடுவில் விஸ்கோன்டி அவரைச் சிறையில் வேறு போட்டார். கடைசியில் வெனிஸின் தலைமைத் தளபதியாகி, இருபது வருஷம் அந்தப் பதவியில் இருந்து 1475இல் கட்டிலில் செத்தார். அந்தத் தொழிலில் அதுவே பெரிய வெற்றி. சாகும்போது குடியரசுக்குப் பெரிய சொத்து எழுதிவைத்தார். ஒரே நிபந்தனை, சான் மார்கோவுக்கு முன்னால் தனக்குச் சிலை வேண்டும். சான் மார்கோ சதுக்கத்தில் தனி ஆளுக்குச் சிலை வைப்பது வெனிஸுக்கு ஒவ்வாத காரியம். பணத்தை விடவும் மனசு வரவில்லை. ஊரின் இன்னொரு மூலையில் சான் மார்கோ சங்கக் கட்டடம் என்று ஒன்று இருந்தது. அதன் முன்னால் வைத்துவிட்டார்கள். எழுத்துப்படி சரி! சிலையைச் செய்தவர் வெரோக்கியோ.

நேரில் பார்த்தால் அந்த முகம் பயங்கரம். புருவத்தை நெரித்து, தோளைத் திருப்பி, ஏதோ பாக்கி வசூலிக்க வந்தவர் மாதிரி இருக்கிறார். ஏமாற்றப்பட்டது தெரிந்துதான் அந்தப் பார்வை என்று எனக்குத் தோன்றியது.

ஜனவரி 21

25 வருஷ ஒப்பந்தம் உருப்பட்டதா என்ற கேள்விக்கு. பெரிய யுத்தம் குறைந்தது. சூது குறையவில்லை. 1478 ஏப்ரல் 26, ஞாயிறு, புளோரன்ஸ் தேவாலயத்தில் பூசை நடக்கும்போதே ஜூலியானோ மெதிச்சியை 19 இடத்தில் குத்திக் கொன்றார்கள். அண்ணன் லொரென்ஸோ கழுத்துக் காயத்தோடு பக்க அறைக்குள் ஓடித் தப்பினார். குத்தியவர்கள் போட்டி வங்கிக்குடும்பமான பாட்ஸிகளின் ஆட்கள். பின்னால் இருந்தவர் போப் நான்காம் சிக்ஸ்டஸின் உறவுக்காரர் ஜிரோலமோ ரியாரியோ. சண்டையின் வேர் இமோலா என்ற சின்ன ஊர். அந்த ஊரை ரியாரியோவுக்கு வாங்கித் தரப் போப் மெதிச்சி வங்கியிடம் கடன் கேட்டார். லொரென்ஸோ தரவில்லை. பாட்ஸி தந்தது.

சதி தோற்றதும் அதில் கூட்டாக இருந்த ஒரு பேராயரையே அரண்மனை ஜன்னலில் தொங்கவிட்டார்கள். போப் புளோரன்ஸ் மேல் சாபம் போட்டார். நேப்பிள்ஸ் போப்போடு சேர்ந்து படையெடுத்தது. லொரென்ஸோ 1479 டிசம்பரில் கப்பலேறி நேப்பிள்ஸ் அரசர் ஃபெர்ரான்டேயின் வாசலுக்கே போய்விட்டார். ஃபெர்ரான்டே அழைத்து உட்காரவைத்து ஆளையே தீர்த்துவிடுகிற ரகம் என்று ஊருக்கே தெரியும். மூன்று மாசத்தில் சமாதானத்தோடு திரும்பினார். போப்பைக் கேட்காமல் நேப்பிள்ஸ் கழன்றுகொண்டது.

போப் அடுத்து வெனிஸைப் பிடித்தார். வெனிஸுக்குப் பக்கத்து நாடான ஃபெராரா மேல் கண். காரணங்களில் ஒன்று உப்பு. உப்பு வியாபாரத்தில் வெனிஸ் தனியுரிமை கொண்டாடியது, ஃபெராரா தன் கடலோரத்தில் உப்பு விளைவிக்கப் பார்த்தது. 1482இல் வெனிஸும் போப்பும் ஃபெராராவுக்கு எதிராக. டிசம்பரில் போப் கட்சி மாறினார். 1483இல் நேற்றுவரை தன் கூட்டாளியாக இருந்த வெனிஸ் மேலேயே சாபம் போட்டார்! வெனிஸ் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. 1484 ஆகஸ்ட் 7 அன்று பஞோலோவில் சமாதானம். வெனிஸுக்குக் கொஞ்சம் நிலம் கிடைத்தது, போப்புக்கு ஒன்றும் இல்லை. ஐந்தே நாளில் செத்தார். சமாதானச் செய்தி கேட்ட ஆத்திரத்தில் செத்தார் என்று ஊர் பேசியது. சமாதானம் கேட்டுச் செத்த சாமியார்.

பிப்ரவரி 2

1494. எல்லாரும் காத்துக்கொண்டிருக்கும் வருஷம். மிலனை உண்மையில் ஆண்டது லுதோவிக்கோ ஸ்ஃபோர்ஸா. பட்டம் அண்ணன் மகன் ஜியான் கலியாட்ஸோவுக்கு. அந்தப் பையனின் மனைவி இசபெல்லா, ஃபெர்ரான்டேயின் பேத்தி. என் புருஷன் கோமகன், சித்தப்பா ஏன் பெட்டிச் சாவியை வைத்திருக்கிறார் என்று தாத்தா வீட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். லுதோவிக்கோவின் மனைவி பியாத்ரிஸோ சின்ன வயசு, அலங்காரப் பிரியை. ஒரே அரண்மனையில் இரண்டு மருமகள்கள். இதற்கு மேல் விளக்கவேண்டுமா?

நேப்பிள்ஸ் தன் மேல் பாயும் என்று பயந்த லுதோவிக்கோ, பிரான்ஸ் அரசர் எட்டாம் சார்ல்ஸை நேப்பிள்ஸ் மேல் உரிமை கொண்டாடச் சொல்லி உசுப்பினார். சார்ல்ஸ் 1494 செப்டம்பரில் ஆல்ப்ஸைத் தாண்டினார். லொரென்ஸோவின் மகன் பியரோ கோட்டைச் சாவிகளை அப்படியே கொடுத்துவிட்டார். நவம்பர் 9 அன்று புளோரன்ஸ் பியரோவை விரட்டியது. 1495 பிப்ரவரி 22 அன்று சார்ல்ஸ் நேப்பிள்ஸில். மார்ச் 31 அன்று வெனிஸில் அவருக்கு எதிராகக் கூட்டணி. அதில் லுதோவிக்கோவும் உண்டு, கூப்பிட்டவரே! பிரெஞ்சுத் தூதர் கொமின் அப்போது வெனிஸிலேயே இருந்தார். எல்லாம் முடிந்தபிறகுதான் அவரிடம் சொன்னார்கள்.

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

பிப்ரவரி 3

நேற்று ஓணான் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன், தூக்கம் வரவில்லை. பழமொழி பொருந்தவில்லை. லுதோவிக்கோ ஏதோ முதல் ஆளாக வெளியாளைக் கூப்பிட்ட மாதிரி ஆகிறது. அப்படி இல்லை. 1453இல் புளோரன்ஸ் ஆஞ்சு வம்சத்து ரெனேயைப் பிரான்ஸிலிருந்து அழைத்தது. வந்தார், குளிரில் சலித்தார், திரும்பினார். அவர் மகன் 1459இல் நேப்பிள்ஸ் மேல் பாய்ந்தார், ஐந்து வருஷத்தில் தோற்றுப் போனார். ஃபெராரா யுத்தத்தில் வெனிஸ் லொரேன் கோமகனைச் சம்பளத்துக்கு வைத்தது. நேப்பிள்ஸ் அரச குடும்பமே ஸ்பெயின் பக்கத்து அரகான் வழி. வெளியாளைக் கூப்பிடுவேன் என்று சொல்வது நாற்பது வருஷமாக இவர்களுக்குள் புழங்கிய நாணயம். வங்கியில் போடாத செக் மாதிரி. கையில் காட்டிக்கொண்டே எல்லாரும் பேரம் பேசினார்கள்.

1494இல் நடந்தது என்னவென்றால் செக்கை ஒருவர் வங்கியில் போட்டார், பணம் வந்துவிட்டது. வந்த சார்ல்ஸ் பழைய ஆட்கள் மாதிரி சின்னப் படையோடு வரவில்லை. ஒரு பெரிய ராஜ்யத்தின் கஜானா, வெண்கலப் பீரங்கிகள், சுவிஸ் காலாட்படை எல்லாம் கூடவே வந்தன. இத்தாலி ஐவரில் ஒருவருக்குக்கூட அந்த எடை இல்லை. தராசில் கால் கிலோ, அரைக் கிலோ மாற்றி மாற்றி வைத்துச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு மூட்டை வந்து விழுந்தது.

பிப்ரவரி 9

வெண்கலம் என்றதும் ஒரு கிளைக்கதை. லுதோவிக்கோ தன் அப்பாவுக்கு (அந்த ரொட்டிக்கார ஸ்ஃபோர்ஸாதான்) பிரம்மாண்டமான குதிரைச் சிலை வைக்க லியனார்தோ தா வின்சியை அமர்த்தியிருந்தார். களிமண்ணில் மாதிரிக் குதிரை தயார். வார்க்கச் சேர்த்துவைத்த வெண்கலத்தை 1494இல் மாமனாரான ஃபெராரா கோமகனுக்குப் பீரங்கி செய்ய அனுப்பிவிட்டார். 1499இல் அடுத்த பிரெஞ்சு அரசர் பன்னிரண்டாம் லூயி மிலனைப் பிடித்தார். துணைக்கு வெனிஸ். கிடைத்த கூலி கிரெமோனா நகரம். பிரெஞ்சு வில்லாளிகள் களிமண் குதிரையைக் குறிபார்த்துப் பழகினார்கள். 1500 ஏப்ரலில் நோவாராவில் லுதோவிக்கோ சுவிஸ் சிப்பாய் வேஷத்தில் தப்பப் பார்த்துப் பிடிபட்டார். பிரான்ஸில் சிறையில் செத்தார்.

ஃபெராராவுக்கு இது வழக்கமோ என்னவோ. மைக்கேலாஞ்சலோ போப் இரண்டாம் ஜூலியஸுக்கு பொலோன்யாவில் வார்த்த வெண்கலச் சிலையை 1511இல் ஊர்க்காரர்கள் உடைத்தார்கள். அந்த உலோகமும் ஃபெராராவுக்கே போனது. கோமகன் அல்ஃபோன்ஸோ அதில் பீரங்கி வார்த்து ஜூலியா என்று பெயர் வைத்தார். அப்போது அவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தது அதே ஜூலியஸோடு.

பிப்ரவரி 15

கம்ப்ரே கூட்டணி எனக்குப் புரியவே இல்லை என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். எனக்கும் புரியாமல்தான் இருந்தது. என் பெண் பத்தாவது படிக்கிறாள். அவளுடைய கலர் பென்சிலை வாங்கி, பழைய மாசக் காலண்டரின் பின்பக்கத்தில் படம் போட்டேன். போப் சிவப்பு, வெனிஸ் நீலம், பிரான்ஸ் பச்சை, ஸ்பெயின் மஞ்சள், ஜெர்மன் பேரரசர் மாக்ஸிமிலியன் பழுப்பு. நட்புக்குக் கோடு, பகைக்கு அம்பு.

1508 டிசம்பர் 10, இதுதான் கம்ப்ரே: போப், பிரான்ஸ், ஸ்பெயின், மாக்ஸிமிலியன் நாலு பேரும் வெனிஸுக்கு எதிரே. எல்லாரிடமும் வெனிஸ் ஏதோ ஒரு துண்டு நிலத்தைப் பிடித்து வைத்திருந்தது. 1509 மே 14 அன்று அஞாதெல்லோவில் வெனிஸ் படை பிரெஞ்சுக்காரரிடம் தவிடுபொடி. நூறு வருஷமாகச் சேர்த்த நிலப்பகுதி சில வாரத்தில் போனது. வெனிஸ் செய்ததைக் கவனியுங்கள். ஸ்பெயினுக்குத் தெற்குத் துறைமுகங்களையும், போப்புக்கு ரொமான்யா ஊர்களையும் தானே கொடுத்து அவர்களைக் குளிரவைத்தது. ஜூலையில் பதுவாவை மீட்டது.

1510 பிப்ரவரி 24: வெனிஸ் தூதர்கள் போப்பின் நிபந்தனைகளை ஏற்று ரோமில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க, போன வருஷம் வெனிஸ் மேல் போட்ட சாபத்தைப் போப் நீக்கினார். இந்த நிபந்தனைகள் பலவந்தத்தால் ஏற்கப்பட்டவை, செல்லாது என்று வெனிஸின் பதின்மர் சபை அதற்கு முன்பே ரகசியமாக எழுதிவைத்திருந்தது. ரொம்பவும் வெனிஸ்.

போப்பின் பயம் புரிகிறது. வெனிஸ் செத்தால் வடக்கு முழுக்கப் பிரான்ஸுக்கு. ஆகவே சிவப்பு அம்பு இப்போது பச்சைக்கு எதிராக. 1511 ஜனவரியில் 67 வயசுக் கிழவர் பனியில் நின்று மிராந்தோலாவை முற்றுகையிட்டு, ஏணி வைத்து ஏறி உள்ளே போனார். அக்டோபரில் போப், ஸ்பெயின், வெனிஸ் மூவரும் பிரான்ஸுக்கு எதிரே. 1512 ஈஸ்டர் அன்று ராவென்னாவில் பிரான்ஸ் ஜெயித்தது, ஆனால் தளபதியைப் பறிகொடுத்து வருஷம் முடியும் முன் பின்வாங்கியது. உடனே போப் மாக்ஸிமிலியனோடு சேர்ந்து, பேரரசர் கேட்ட ஊர்களை வெனிஸ் விட்டுத்தரவேண்டும் என்றார். வெனிஸ் 1513 மார்ச்சில் பிரான்ஸோடு கைகோத்தது. எந்தப் பிரான்ஸ்? நாலு வருஷம் முன்னால் தன்னை நொறுக்கிய அதே பிரான்ஸ்.

பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஏப்பா, இந்த போப் எந்தப் பக்கம்?"

"எந்த மாசத்தைக் கேக்கற கண்ணு?"

"சரி, வில்லன் யாரு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அப்போதைக்கு யார் ஜெயிக்கிறாரோ அவர் என்றேன். கிரிக்கெட் மாதிரியா என்று கேட்டுவிட்டுப் பச்சைப் பென்சிலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இந்த ஐந்து வருஷத்தையும் உடம்பிலேயே சுமந்த ஆள் பார்த்தொலொமியோ தால்வியானோ. அஞாதெல்லோவில் வெனிஸுக்காகப் போராடிக் காயத்தோடு பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டார். நாலு வருஷம் பிரான்ஸில் சிறை. 1513 உடன்படிக்கையால் விடுதலை. 1515 செப்டம்பரில் மரிஞானோவில் சுவிஸ்காரர்களோடு பிரான்ஸ் இரண்டாம் நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, வெனிஸ் குதிரைப்படையோடு வந்து பிரான்ஸுக்குத் தோள்கொடுத்தவர் அவரேதான்.

பிப்ரவரி 16

மாறாமல் நின்றவர் ஒருவரும் இல்லையா என்ற கேள்வி அருமை. உண்டு. புளோரன்ஸ் குடியரசு. 1494க்குப் பிறகு பிரான்ஸையே பிடித்துக்கொண்டு நின்றது. சார்ல்ஸ் போகும் வழியில் பீசா புளோரன்ஸின் பிடியிலிருந்து கழன்றது. அதைத் திருப்பித் தருகிறேன் என்று பிரான்ஸ் சொல்லிக்கொண்டே இருந்தது. அங்கே இருந்த பிரெஞ்சு அதிகாரி கோட்டையைப் பீசாக்காரர்களிடமே கொடுத்தார். ஆனாலும் புளோரன்ஸ் மாறவில்லை. 1509இல் தானே சண்டை போட்டுப் பீசாவைப் பிடித்தது. 1512இல் பிரான்ஸ் போனதும் போப்பும் ஸ்பெயினும் திரும்பிப் பார்த்தார்கள். தனியாக நின்றது புளோரன்ஸ். ஆகஸ்ட் 29 அன்று ஸ்பானியப் படை பக்கத்து ஊரான பிராத்தோவைச் சூறையாடியது. குடியரசு விழுந்து மெதிச்சிகள் திரும்பினார்கள். குடியரசின் அதிகாரியாக இருந்த மாக்கியவெல்லிக்கு வேலை போனது.

முதல் நாள் கேட்ட வாசகருக்கு: கொள்கையோடு நின்றவரைத் தேடினீர்களே, இதோ. ஆனால் முழுப் பெருமையும் கொடுக்க எனக்கு மனசில்லை. பாதி விசுவாசம், பாதி வியாபாரம். பிரான்ஸில் புளோரன்ஸ் வியாபாரிகளின் சரக்கும் கடனும் ஏராளமாக மாட்டிக்கொண்டிருந்தன. நானும் ஒரே பார்ட்டிக்கு ஓட்டியபோது அதை விசுவாசம் என்றுதான் சொல்லிக்கொண்டேன். பாக்கி அங்கே இருந்தது.

பிப்ரவரி 20

மிளகு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஆமாம், தொடர்பு உண்டு. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். 1501இல் லிஸ்பனுக்கு மசாலாக் கப்பல்கள் வந்த செய்தி கேட்டு வெனிஸ் வியாபாரி ஜிரோலமோ பிரியூலி, சுதந்திரத்தை இழப்பதற்கு அடுத்தபடி இதுதான் பெரிய அடி என்று நாட்குறிப்பில் புலம்பினார். கம்ப்ரேக்காரர்கள் சூழ்ந்தபோது வெனிஸின் மடியில் ஏற்கனவே ஓட்டை. ஆனால் அதனால்தான் தோற்றது என்று சொல்லமாட்டேன். மிளகு வியாபாரம் பிறகு கணிசமாகத் திரும்பி வந்தது.

மார்ச் 2

ஃபோர்னோவோ சண்டையை மறந்துவிட்டேன் என்று குட்டியிருக்கிறீர்கள். 1495 ஜூலை 6. திரும்பிப் போன சார்ல்ஸைக் கூட்டணிப் படை மறித்தது. ஒரு பகுதி சண்டையை விட்டுவிட்டு அரசரின் சாமான் வண்டிகளைக் கொள்ளையடிக்கப் போனது. சார்ல்ஸ் தப்பினார். இரண்டு பக்கமும் ஜெயித்தோம் என்றார்கள். தளபதி, மாந்துவாவின் பிரான்செஸ்கோ கொன்ஸாகா, வெற்றி மாதா என்று மாந்தேஞ்ஞாவிடம் ஓவியம் வரைய வைத்தார். செலவைக் கட்டாயப்படுத்தி ஒரு யூத வட்டிக்காரர் தலையில் கட்டினார். பிரெஞ்சுக்காரரை ஜெயித்ததற்கான அந்த ஓவியம் இப்போது பாரிஸ் லூவ்ரில் இருக்கிறது.

இதே கொன்ஸாகா கம்ப்ரேயில் வெனிஸுக்கு எதிரே போய், 1509 ஆகஸ்டில் வெனிஸ்காரரிடமே பிடிபட்டு, ஒரு வருஷம் உள்ளே இருந்தார். மனைவி இசபெல்லா தெஸ்தே ஊரை நடத்தினாள். வெளியே வர மகனைப் போப்பிடம் பிணையாக அனுப்பவேண்டியிருந்தது. பையனுக்குப் பத்து வயசு. கூட்டணி மாற்றம் என்று நாம் கோடு போடும் இடத்தில் ஒரு சின்னப் பையன் பெட்டியோடு ரோமுக்குப் போயிருக்கிறான். இது என் காலண்டரில் இல்லை.

காலண்டரும் போய்விட்டது. போப்புக்கும் வெனிஸுக்கும் நடுவே அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிவிட்டது. பின்னால் செல்லோடேப் ஒட்டி 1513 வரை கொண்டுவந்தேன். 1527 ரோம் சூறையாடலைக் கேட்டவர் தனியாக இழை போடுங்கள், புதுத் தாள் வாங்கவேண்டும். பச்சைப் பென்சிலும்.